85-ஆ, 39-ஆ? ‘விளைதிறன்’ என்ற சொல்லைக் காசநோயை வைத்துப் புரிந்துகொள்ளுதல்

கேள்வி இது: “ஆய்வகத்திலும் எஃபெக்டிவ் என்கிறார்கள், மருந்துக்கும் எஃபெக்டிவ் என்கிறார்கள், மேலாண்மை வகுப்பிலும் அதையே சொல்கிறார்கள். மூன்றும் ஒரே பொருளா? எஃபிகசி, எஃபிஷியன்சி என்பவை இதிலிருந்து எங்கே பிரிகின்றன?”

ஒரே பொருள் இல்லை. மூன்று துறையும் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஆனால் ஒன்றின் பதில் கையில் இல்லாமல் அடுத்ததைக் கேட்க முடியாது. வரையறைகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே மறந்துபோகும். அதனால் காசநோய் சிகிச்சையை எடுத்துக்கொள்கிறேன். மூன்று கேள்விகளும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்பட்டன. அதில் ஒன்றுக்குச் சென்னையிலிருந்துதான் உலகத்துக்குப் பதில் போனது.

முதலில் சொற்கள். தமிழில் குழப்பம் கொஞ்சம் கூடுதல். கொரோனா தடுப்பூசி வந்தபோது “95 சதவீத செயல்திறன்” என்று செய்திகளில் படித்தோம். அது எஃபிகசி. அதே ‘செயல்திறன்’ மோட்டார் பம்புக்கும் அலுவலகத்துக்கும் எஃபிஷியன்சி என்ற பொருளில் வரும். இலங்கையில் வணிகம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. எஃபிஷியன்சிக்கு வினைத்திறன், எஃபெக்டிவ்னஸுக்கு விளைதிறன் என்று அங்கே பிரித்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள், நானும் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். எஃபிகசிக்கு ‘ஆற்றல்’ போதும். எல்லாம் ஒழுங்காக அமைந்த ஆய்வுச் சூழலில் மருந்து வேலை செய்யுமா என்பது ஆற்றல். இருக்கிற ஆட்களையும் இருக்கிற வசதியையும் வைத்துக் கொடுக்கும்போது நோயாளிக்குப் பலன் கிடைக்கிறதா என்பது விளைதிறன். அந்தப் பலனுக்கு இவ்வளவு பணமும் ஆளும் நேரமும் செலவாவது தகுமா என்பது வினைத்திறன்.

இனி காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடிக் குழாயில் அது காசநோய்க் கிருமியைக் கொன்றது. மனிதரிடம் என்ன செய்யும் என்று பார்க்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1947-ல் ஆய்வைத் தொடங்கியது. போர் முடிந்து டாலருக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம். எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லை. ஆகவே யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைச் சீரற்ற எண்களைக் கொண்டு தீர்மானித்து, ஒட்டிய உறைகளில் வைத்தார்கள். ஊசி பெற்றவர்கள் 55 பேர், ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் முதல் அணியில் 4 பேரும் இரண்டாம் அணியில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பத்திரிகையில் வரும் எந்தச் சதவீதத்துக்கும் இதே வழிதான். 55-ல் 4 என்பது ஏறக்குறைய 7 சதவீதம். 52-ல் 14 என்பது 27 சதவீதம். 27-ஐ ஒப்பிட்டு 7-ஐச் சொன்னால் “இறப்பு 73 சதவீதம் குறைந்தது” என்று எழுதலாம். 27-லிருந்து 7-ஐக் கழித்தால் “நூற்றுக்கு 20 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்” என்று எழுதலாம். இரண்டும் உண்மை. இரண்டாவதைத் தலைகீழாக்கினால், ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால் ஒரு உயிர் மிஞ்சுகிறது என்று வரும். மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் உதவுவது இந்தக் கடைசி எண். ஃபைசர் தடுப்பூசியின் 95 சதவீதமும் முதல் வகைதான்: தடுப்பூசி போட்ட 18,198 பேரில் 8 பேருக்கு நோய், போடாத 18,325 பேரில் 162 பேருக்கு நோய். இரண்டாம் வகையில் கணக்கிட்டால், அந்தச் சில மாத ஆய்வுக் காலத்துக்குள் ஒரு நோயைத் தடுக்கச் சுமார் 119 பேருக்குப் போட வேண்டியிருந்தது. இதை வைத்துத் தடுப்பூசி வீண் என்று வாதிடுபவர்கள் செய்வது பெரிய தவறு. ஆய்வு நீண்டிருந்தால், சுற்றிலும் தொற்று கூடியிருந்தால் 119 என்பது வேகமாக இறங்கியிருக்கும். காலமும் தொற்றின் அளவும் சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஸ்ட்ரெப்டோமைசினுக்குத் திரும்புவோம். அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தார்கள். ஊசி பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 35 பேர். 7-க்கு 27 என்றிருந்த வித்தியாசம் 58-க்கு 67 என்று சுருங்கிவிட்டது. மருந்தின் ஆற்றல் பொய்யா? இல்லை. கிருமி மாறிக்கொண்டது.

காரணம் எளிய கணக்கு. நுரையீரலில் ஒரு குழிப்புண்ணில் பத்துக் கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோநயாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று தானாகவே இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த நூறு கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். நோயாளி இரண்டு மாதம் தேறுவார், சளியில் கிருமி குறையும், பிறகு மறுபடி ஏறும். இந்த முறை அந்த மருந்து பலிக்காது. ரிஃபாம்பிசின் என்ற மற்றொரு மருந்துக்குக் கட்டுப்படாதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒருசேரத் தப்பும் கிருமி இருக்கும் வாய்ப்பு, இரண்டு எண்களையும் பெருக்கினால் வருவது. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. இன்றைக்கும் நான்கு மருந்தோடு தொடங்குவதன் அடிப்படை இதுதான். இங்கே அறிவியல் கேட்கும் கேள்வி “எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது” என்பது. எப்படி என்று தெரியாமல் ‘வேலை செய்கிறது’ என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தால், ஆறாம் மாதத்திலேயே வெற்றி என்று எழுதிக் கணக்கை மூடியிருப்பார்கள்.

அடுத்த கேள்வி சென்னையில் கேட்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே இன்றும் அந்தப் பெயர்தான். இருந்த படுக்கைகள் நோயாளிகளில் மிகச் சிறு பகுதிக்குக்கூடப் போதவில்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றவர்களை வீட்டிலேயே வைத்தார்கள். இரு அணிக்கும் ஒரே மருந்து: ஐசோநயாசிட்டும் பாஸ் (PAS) என்ற பழைய காசநோய் மருந்தும், ஓராண்டுக்கு.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசம், இடம் நெரிசல், பலர் படுத்து ஓய்வெடுக்கவும் முடியவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம். கூட வசித்த வீட்டாருக்கு அதனால் தொற்று கூடவில்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே பரவியிருந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். ஆறு சதவீதப் புள்ளி குறைவான ஒரு சிகிச்சை, பல மடங்கு ஆட்களுக்குக் கொடுக்க முடியும் என்பதால் ஊருக்கு அதிகப் பலன் தந்தது. விளைதிறன் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த 86-ஐ எடுத்துப் பயன்படுத்தியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த ஆய்வில் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. பணியாளர்கள் வீடுகளுக்குப் போனார்கள், சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். 86 என்பது இவை அத்தனையும் சேர்ந்த சிகிச்சையின் எண். 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டம் வீட்டு சிகிச்சையை எடுத்துக்கொண்டது. தேடிப் போகும் ஆட்களை அதே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போ என்றானது. 1990-களின் தொடக்கத்தில் மறுஆய்வு செய்தபோது, தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சிகிச்சையை முடித்திருந்தார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பதில் புதிர் எதுவும் இல்லை. மருந்து ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் காய்ச்சல் நிற்கிறது, பசி எடுக்கிறது, இருமல் குறைகிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்துவிட்டன. உறங்கும் கிருமிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் ஆறு மாதம். நோயாளிக்குத் தெரிவது, உடம்பு சரியாகிவிட்டது, மாத்திரை குமட்டுகிறது, ஒரு நாள் கூலி போகிறது என்பது மட்டும்.

மருந்தை யாராவது கண்ணெதிரே விழுங்க வைத்தால் சரியாகிவிடும் என்று டாட்ஸ் முறை வந்தது. அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது: சுகாதாரப் பணியாளர் பார்க்க விழுங்கியவர்களில் 64 சதவீதம், குடும்பத்தார் பார்க்க விழுங்கியவர்களில் 55 சதவீதம், தாமாகவே சாப்பிட்டவர்களில் 62 சதவீதம் குணமடைந்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்பது தனியாக எதையும் செய்யவில்லை. டாட்ஸ் சிறப்பாக நடந்த இடங்களில் வேலை செய்தது அதோடு சேர்ந்து வந்த மற்றவை: தடையில்லாமல் மருந்து கையிருப்பு, ஒழுங்கான பதிவேடு, வராதவரைத் தேடும் ஆள், முகம் சுளிக்காத செவிலியர். ஒரு திட்டம் பலன் தந்தால் அதில் எந்த உறுப்பு தந்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்த ஊரில் தப்பான உறுப்பை நகலெடுப்போம்.

இங்கிருந்து மேலாண்மை. 2013-ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் காசநோயாளிகளுக்கு அரசுத் திட்டத்தின் வழியே என்ன கிடைத்தது என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. நோய் உள்ளவர்கள் 27 லட்சம் பேர். அவர்களை 100 என்று வைத்துக்கொண்டால், அரசு மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 72. நோய் என்று சரியாகக் கண்டறியப்பட்டவர்கள் 60. சிகிச்சைக்குப் பதிவானவர்கள் 53. சிகிச்சையை முடித்தவர்கள் 45. முடித்து ஓராண்டு, நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 39.

பதிவான 53-ல் முடித்தவர்கள் 45. வகுத்தால் 85 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த இலக்கும் 85 சதவீதம்தான். ஆகவே ஒரு மாவட்ட அதிகாரி தன் அறிக்கையில் ‘இலக்கை எட்டினோம்’ என்று எழுதலாம், அதில் பொய் இல்லை. அதே ஊரில் நோயோடு இருந்த நூறு பேரில் நலமாக மிஞ்சியவர்கள் 39 பேர். வகுத்தலில் மேலே உள்ள எண் 45-லிருந்து 39 ஆகக் கொஞ்சம்தான் மாறியது, கீழே உள்ள எண் 53-லிருந்து 100 ஆனது, அவ்வளவுதான். (வராத 28 பேரில் தனியார் மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள் என்று படிக்கக் கூடாது.)

நிர்வாகம் செய்பவருக்கு இந்த ஏணி எப்படி உதவும்? பதிவானவர்களில் முடிப்பவர்களை 85-லிருந்து 95 ஆக்க ஒரு குழு பாடுபடுகிறது என்று வையுங்கள். மற்ற படிகள் அப்படியே இருந்தால் கடைசி எண் 39-லிருந்து 43 அல்லது 44-க்கு ஏறும். வேறொரு குழு, மையத்துக்கே வராத 28 பேரில் பாதிப் பேரை வரவழைக்கிறது. கடைசி எண் 46, 47-க்குப் போகும். முதல் குழுவின் வேலை பதிவேட்டில் தெரியும், பாராட்டு கிடைக்கும். இரண்டாம் குழுவின் ஆட்கள் பதிவேட்டிலேயே இல்லாதவர்கள். இலக்கை 85-க்கு மட்டும் வைத்தால் எல்லாரும் முதல் வேலையைத்தான் செய்வார்கள். அதைவிட மோசமும் நடக்கும். டெல்லியில் வீடற்றவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் போன்றோர் ‘பாதியில் விட்டுவிடுவார்கள், சதவீதம் கெட்டுவிடும்’ என்ற பயத்தில் சிகிச்சையில் சேர்க்கப்படாமல் போனதை ஆய்வுகள் எழுதிவைத்திருக்கின்றன. எந்த எண்ணை வைத்து ஊழியரை எடைபோடுகிறோமோ அந்த எண்ணைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். இங்கே அதற்கு விலை கொடுத்தவர்கள் போக வேறு இடமில்லாத நோயாளிகள்.

72-க்கும் 60-க்கும் நடுவே போன 12 பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மையம் வரை வந்தவர்கள், ஆனால் நோய் பிடிபடவில்லை. நுண்ணோக்கியில் கிருமி தெரிய, ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமி வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவிக்குச் சுமார் 130 இருந்தாலே போதும். ஆற்றலில் ஒப்பிடவே முடியாத முன்னேற்றம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், ஆறு மாத இறப்பு புதிய கருவி அணியில் 3.9 சதவீதம், நுண்ணோக்கி அணியில் 5.0 சதவீதம், தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. கருவி நோயைச் சொன்னபிறகு மருந்து தொடங்கத் தாமதமானால், அல்லது முன்பே மருத்துவர்கள் அனுமானத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், நல்ல கருவியின் பலன் நோயாளி வரை வந்து சேராது. கருவிக்குள் போவது எச்சிலாக இருந்தால் சொல்லவே வேண்டாம். டப்பாவை நீட்டி “துப்புங்க” என்றால் எச்சில்தான் வரும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்ல வேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ வெண்மையாகவோ வருவதுதான் சளி. நுரையும் தண்ணீருமாக இருந்தால் இன்னொரு முறை கேட்டு வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது முதலில் விட்டுப்போவதும் இந்த இரண்டு நிமிடம்தான்.

மருந்தளவிலும் இப்படி ஒரு சின்ன ஓட்டை உண்டு. இன்றைய கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோநயாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தம்ப்யூட்டால் 275 மில்லிகிராம். எடை 25 முதல் 34 கிலோ என்றால் நாளைக்கு 2 மாத்திரை, 35 முதல் 49 என்றால் 3, 50 முதல் 64 என்றால் 4. பதிவின்போது 47 கிலோ இருந்தவருக்கு 3 மாத்திரை எழுதுகிறார்கள். ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம், கிலோவுக்கு 9.6. சரியான அளவுதான், குறி 10. அவர் தேறி, சில மாதங்களில் 53 கிலோ ஆகிறார். மாத்திரை மூன்றாகவே தொடர்ந்தால் கிலோவுக்கு 8.5-க்கு இறங்கிவிடும். எடை 5 கிலோவுக்கு மேல் மாறி அடுத்த வரிசைக்குப் போனால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. எடை பார்க்கும் இயந்திரம் இருக்கும். பார்த்து எழுதியும் இருப்பார்கள். எழுதிய எண்ணை மாத்திரைக் கணக்கோடு ஒப்பிட யாரும் நியமிக்கப்பட்டிருக்க மாட்டார்கள். தேறிவரும் நோயாளிக்கு மருந்து குறைவது இப்படித்தான்.

வினைத்திறனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பலன் கிடைக்காத வேலையை எவ்வளவு மலிவாகச் செய்தாலும் அந்தச் செலவு முழுதும் நஷ்டம். நுண்ணோக்கிச் சோதனை மலிவு, ஆனால் தப்பவிட்ட நோயாளி இன்னும் சில மாதம் வீட்டிலும் பேருந்திலும் இருமிக்கொண்டிருக்கும் செலவு ஆய்வகத்தின் கணக்கில் ஏறாது. ஆகவே ‘ஒரு சோதனைக்கு எவ்வளவு’ என்று கேட்பதைவிட ‘குணமான ஒருவருக்கு எவ்வளவு’ என்று கேட்பது நேர்மையான கணக்கு.

கடைசியாக, மூன்று கேள்விகளும் ஒன்றுசேர்ந்து வரும் ஒரு முயற்சி தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது. மருந்து சரி, நோயாளியும் சாப்பிடுகிறார், ஆனால் உடம்பு ஏற்கெனவே தாங்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. அதனால் நோய் உறுதியானதுமே, சாதாரண ஊழியரும் செய்யக்கூடிய சில அளவுகள் எடுக்கப்படுகின்றன. உயரமும் எடையும் பார்த்து உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழா. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா. இவற்றில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் அவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. மருத்துவமனைக்கு அனுப்பி, முழுதாகப் பரிசோதித்து, படுக்கையில் சேர்த்து, ஊட்டச்சத்தும் ஆக்சிஜனும் கொடுக்கிறார்கள்.

எல்லாரையும் படுக்கையில் போட வேண்டாம் என்று 1959-ல் சென்னை காட்டியது. யாரைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்தச் சில அளவுகள் காட்டுகின்றன. இதன் விளைதிறனை அளக்க வேண்டிய இடங்களும் தெளிவு: கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த அளவுகள் எடுக்கப்பட்டன, ‘ஆம்’ என்று வந்தவர்களில் எத்தனை பேர் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை நாளில், அவர்களில் இரண்டு மாதம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர். நாள் கணக்கை அப்படியே கேளுங்கள், மற்ற மூன்று எண்களையும் கண்டறியப்பட்ட அத்தனை பேரின் எண்ணிக்கையால் வகுத்துக் கேளுங்கள்.